ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ செல்லும் பெண்களுக்கு: எந்தக் காப்பீடு, எந்தக் கருத்தடை?

விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வருகிறது. "அக்கா, மாதம் 35 யூரோவுக்கு ஒரு காப்பீடு கிடைக்கிறது. அரசுமுறைக் காப்பீட்டுக்கு 145 யூரோ கேட்கிறார்கள். எதற்காக நான்கு மடங்கு கொடுக்க வேண்டும்?" கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு குரல் தாழ்ந்து அடுத்த கேள்வி வரும். "அங்கே கருத்தடை மாத்திரை கிடைக்குமா? காப்பீடு அதற்குப் பணம் கொடுக்குமா?"

திருமணமாகிக் கணவருடன் போகிறவர்களும் கேட்கிறார்கள், தனியாகப் படிக்கப் போகிறவர்களும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் கேள்வியின் பதில் அதில்தான் இருக்கிறது. 22 வயது நிறைந்துவிட்டால் அரசுமுறைக் காப்பீடு கருத்தடை மாத்திரைக்குப் பணம் கொடுக்காது. மலிவான தனியார் காப்பீடும் கொடுக்காது. முதுநிலைப் படிப்புக்கு வரும் நம் பெண்களில் பெரும்பாலோர் 22-ஐத் தாண்டியவர்கள். எனவே மாத்திரைச் செலவை மனத்தில் வைத்துக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மாத்திரை தவறிப்போகும் மாதத்தை, வயிற்றுவலி வரும் இரவை, குழந்தை வேண்டும் என்று முடிவெடுக்கப் போகும் ஆண்டை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

கீழே நான் சொல்லும் தொகைகள் 2025 நிலவரம். ஆண்டுதோறும் சிறிது மாறும்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

வயதுதான் முதல் அளவுகோல். ஜெர்மனியில் 22, 30 ஆகிய இரண்டு பிறந்தநாள்கள் முக்கியமானவை. 22 வரை, மருந்துச்சீட்டு தேவைப்படும் கருத்தடை முறைகளுக்கு அரசுமுறைக் காப்பீடு பணம் கொடுக்கிறது. முன்பு இந்த எல்லை 20 ஆக இருந்தது, 2019-ல் உயர்த்தினார்கள். 30 வரை மாணவர்களுக்கான குறைந்த சந்தா உண்டு. 30-ஐத் தாண்டிப் படிக்க வந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

உங்களுடன் யார் வருகிறார்கள் என்பது அடுத்தது. கணவரோ மனைவியோ சார்பு விசாவில் வந்தால் அவருக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இங்கேதான் மலிவாகத் தெரிவது விலை கூடியதாக மாறும்.

மூன்றாவது, ஊரிலேயே உங்களுக்கு இருக்கும் உடல்நிலை. நீர்க்கட்டி, தைராய்டு, மாதவிடாய் ஒழுங்கின்மை ஆகியவற்றுக்கு எப்போதாவது சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் அது ஒரு பெரிய அளவுகோல். அடுத்த மூன்று ஆண்டுகளில் குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்பதும் அப்படியே.

கடைசியாக ஒன்று, பலரும் யோசிக்காதது: மருத்துவச் செலவின் கடிதம் யாருடைய கைக்குப் போகும்? அப்பா ஊரில் எடுத்துக்கொடுத்த பயணக் காப்பீட்டில் ஒரு பெண் பணம் கோரினால், அதுபற்றிய கடிதமும் மின்னஞ்சலும் அப்பாவின் முகவரிக்குப் போக வாய்ப்புண்டு. கணவர் பெயரில் உள்ள தனியார் ஒப்பந்தத்திலும் ரசீது அவர் வழியாகத்தான் போகும். அரசுமுறைக் காப்பீட்டில் உங்கள் பெயரில் அட்டை இருக்கும். அதை மருத்துவரிடம் நீட்டினால் போதும், ரசீது என்று எதுவும் வீட்டுக்கு வராது. பெண்கள் நல மருத்துவரிடம் போவதற்கே தயங்கும் ஒருத்திக்கு இது சிறிய விஷயம் அல்ல.

## அரசுமுறைக் காப்பீடு

டி.கே., ஏ.ஓ.கே., பார்மர் போன்ற நிறுவனங்கள் நடத்துவது இது. சட்டம் வகுத்த சலுகைகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், கூடுதல் சந்தாவில் மட்டும் சிறு வேறுபாடு. 30 வயதுக்குட்பட்ட மாணவருக்கு, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்து மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ ஆகிறது. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதந்தோறும் ஒரு பங்கை மட்டுமே எடுக்க முடிந்த வங்கிக் கணக்கில்) போடும் 11,904 யூரோவைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 992 வரும். அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு காப்பீட்டுக்கே போகிறது. இது வலிக்கும் தொகைதான், மறுக்கவில்லை.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? சேரும்போது உங்கள் பழைய நோய்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காத்திருப்புக் காலம் இல்லை. சேர்ந்த நாளில் நீங்கள் கர்ப்பமாக இருந்தாலும் பரிசோதனை, பிரசவம், வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவச்சி எல்லாம் அதற்குள் அடக்கம். 20 முதல் 34 வயது வரை ஆண்டுக்கு ஒருமுறை கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை உண்டு. 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஆண்டுதோறும் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுக்கான பரிசோதனையும் உண்டு. கருத்தடை பற்றி மருத்துவரிடம் ஆலோசனை கேட்பதற்கும் அதற்கான பரிசோதனைக்கும் எந்த வயதிலும் கட்டணம் இல்லை. 22-க்குப் பிறகு நீங்கள் பணம் கொடுப்பது மாத்திரைக்கோ சாதனத்துக்கோதான். 22-க்குள் இருந்தால் மாத்திரை, காப்பர் டி, ஹார்மோன் காயில் (காப்பர் டி போலக் கருப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் உள்ள சாதனம்), ஊசி எல்லாவற்றுக்கும் காப்பீடு பணம் கொடுக்கும். 18 வயதுக்கு மேற்பட்டவர் ஒரு மருந்துக்கு 5 முதல் 10 யூரோ வரை பங்குத்தொகை மட்டும் கட்டினால் போதும்.

இதைவிடப் பெரிய சலுகை ஒன்று உண்டு. நம்மவர்களில் மிகக் குறைவானவர்களுக்கே அது தெரிந்திருக்கிறது. வருமானம் இல்லாத துணைவரும் குழந்தைகளும் கூடுதல் சந்தா இல்லாமல் குடும்பக் காப்பீட்டில் சேரலாம். மாணவராக இருப்பவருக்கும் இது பொருந்தும். கணவர் முதுநிலை படிக்கிறார், மனைவி சார்பு விசாவில் வந்திருக்கிறார் என்றால் அந்த 145 யூரோவிலேயே இருவரும் அடங்கிவிடுவார்கள். மனைவிக்கென்று தனி அட்டை வரும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதிலும் உண்டு. படிப்பு முடிந்து வேலை தேடும் 18 மாத காலத்தில் மாணவர் சந்தா கிடைக்காது. தன்விருப்ப உறுப்பினராகத் தொடர வேண்டும், வருமானமே இல்லாவிட்டாலும் மாதம் 250 யூரோவைத் தாண்டும். கையிருப்பைத் திட்டமிடும்போது இந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெண்கள் நல மருத்துவரிடம் நேரம் கிடைப்பதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். 116117 என்ற எண்ணில் அரசுமுறைக் காப்பீட்டாளர்களுக்கு நேரம் வாங்கித் தருகிறார்கள். பெண்கள் நல மருத்துவரைப் பார்க்க வேறொரு மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை.

## மாதம் 30 - 40 யூரோ காப்பீடு

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று விற்கப்படும் தனியார் காப்பீடு இது. விசாவுக்கு இது பெரும்பாலும் போதும் என்பது உண்மை. பல்கலைக்கழகத்தில் சேர, அரசுமுறை நிறுவனம் ஒன்றிடமிருந்து 'இவருக்கு விலக்கு' என்ற சான்றும் வேண்டும். அந்த விலக்கில்தான் ஆபத்து இருக்கிறது. காப்பீட்டுக் கடமை (அரசுமுறையில் சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம்) தொடங்கிய மூன்று மாதத்துக்குள் விலக்கு கேட்கலாம். கேட்டு வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. இரண்டாவது பருவத்தில் "தவறு செய்துவிட்டேன், மாற்றிக்கொள்கிறேன்" என்று போனால் கதவு திறக்காது. காப்பீட்டுக் கடமை உள்ள வேலையில் சேர்ந்தால்தான் மறுபடி அரசுமுறைக்கு வர வழி பிறக்கும். வாரம் 20 மணி நேரத்துக்குள் செய்யும் மாணவர் வேலை இதில் சேராது.

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். மாக்டெபுர்கில் படிக்கத் தொடங்கியபோது மாதம் 110 யூரோ மிச்சம் என்று எண்ணி இந்த வகைக் காப்பீட்டைத்தான் எடுத்தேன். இரண்டு ஆண்டுக்கு 2,640 யூரோ. அப்பா வாங்கிய கடனில் அது கணிசமான பங்கு. முதல் குளிர்காலத்தில் ஓர் இரவு அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, மருத்துவமனை, ஸ்கேன், சினைப்பையில் கட்டி. சிகிச்சை நன்றாகவே நடந்தது. ரசீது என் பெயருக்கு வந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். 19 வயதில் மதுரையில் ஒரு மருத்துவர் மாதவிடாயைச் சீராக்க எனக்கு ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். படிவத்தில் அதை நான் உண்மையாகக் குறிப்பிட்டிருந்தேன். 'முன்பே இருந்த நோய்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. மிச்சப்படுத்தியதாக நினைத்த பணத்தைவிடக் கூடுதலாகக் கட்டினேன். ஏறக்குறைய ஓராண்டு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக் கட்டினேன். நம் ஊரில் நீர்க்கட்டிக்கு மாத்திரை சாப்பிடாத பெண்கள் ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்தப் பகுதியை நான் எழுதுவது அவர்களுக்காகத்தான்.

ஒப்பந்தம் கையில் வந்தால் பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் இவற்றைத் தேடிப் படியுங்கள்: முன்பே இருந்த நோய்களை எப்படி வரையறுக்கிறார்கள், கர்ப்பம் எப்போது தொடங்கியிருந்தால் ஏற்பார்கள், பிரசவத்துக்கு எத்தனை மாதக் காத்திருப்பு, தடுப்புப் பரிசோதனைகள் உண்டா, மொத்தம் எத்தனை ஆண்டு நீட்டிக்க முடியும். சில ஒப்பந்தங்கள் காப்பீடு தொடங்கிய பிறகு உண்டான கர்ப்பத்தை மட்டுமே ஏற்கின்றன. சிலவற்றில் பிரசவச் செலவுக்கு எட்டு மாதக் காத்திருப்பு உண்டு.

இந்தக் காப்பீடு சரியாகப் பொருந்தும் இடங்களும் இருக்கின்றன. மொழி வகுப்புக்கு மட்டும் வருகிறவர்களுக்கு மாணவர் சந்தாவில் சேர வழியில்லை. அவர்களுக்கு இதுதான். சேர்க்கைக்கு முன்பே வந்து இறங்குகிறவர்களுக்கு, அரசுமுறைக் காப்பீடு தொடங்கும் நாள்வரையுள்ள சில வாரங்களுக்கு இது தேவை. ஒரு பருவப் பரிமாற்றப் படிப்புக்கு வந்து திரும்பும் ஆரோக்கியமான மாணவிக்கும் போதுமானது.

## முழுத் தனியார் காப்பீடு

30 வயதைத் தாண்டிப் படிக்க வருகிறவர்களுக்கும், ஆண்டுச் சம்பளம் 73,800 யூரோவைத் தாண்டுகிறவர்களுக்கும் உரியது. சேரும்போது உடல்நிலைக் கேள்வித்தாள் உண்டு. மருத்துவர்கள் விரைவாக நேரம் தருவார்கள். ஆனால் மனைவிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனிச் சந்தா. பிரசவத்துக்கு எட்டு மாதக் காத்திருப்பு வழக்கம். குழந்தை பெறும் எண்ணமுள்ள இளம் தம்பதிக்கு, சம்பளம் எல்லையைத் தாண்டினாலும் அரசுமுறையிலேயே இருங்கள் என்றுதான் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அரசுமுறை (மாணவர்) | மலிவான தனியார் | முழுத் தனியார் |
|---|---|---|---|
| மாதச் சந்தா | 140 - 150 யூரோ | 30 - 40 யூரோவிலிருந்து | வயது, உடல்நிலையைப் பொறுத்தது |
| துணைவர், குழந்தை | வருமானம் இல்லையெனில் கூடுதல் சந்தா இல்லை | தனித்தனியாக | தனித்தனியாக |
| முன்பே இருந்த நோய் | ஏற்கப்படும் | பெரும்பாலும் ஏற்கப்படாது | கேள்வித்தாளைப் பொறுத்தது |
| கருத்தடை, 22 வரை | உண்டு | பொதுவாக இல்லை | பொதுவாக இல்லை |
| கருத்தடை, 22-க்குப் பின் | ஆலோசனை மட்டும் | இல்லை | பொதுவாக இல்லை |
| கர்ப்பம், பிரசவம் | முதல் நாளிலிருந்து | நிபந்தனைகளுடன் | காத்திருப்புக்குப் பின் |
| பணம் கட்டும் முறை | அட்டையை நீட்டினால் போதும் | பெரும்பாலும் முதலில் நீங்கள், பிறகு திரும்பப் பெறுதல் | முதலில் நீங்கள், பிறகு திரும்பப் பெறுதல் |

## இனி கருத்தடை

ஒரு பெண்ணுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒளிவட்டம் தெரியும் ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்காவது காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த வரலாறு, புகைப்பழக்கம் ஆகியவை இருந்தால் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ஆபத்தாகலாம். நான் இங்கே ஒப்பிடுவது செலவு, கிடைக்கும் தன்மை, நாடு மாறும்போது வரும் சிக்கல் ஆகியவற்றைத்தான்.

### ஊரிலிருந்து மாத்திரை கொண்டுபோவது

பலரும் முதலில் யோசிப்பது இதைத்தான். மாலா-என் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம், கடைகளில் வாங்கும் மாத்திரைகளும் ஜெர்மனியைவிட மலிவு. சொந்தப் பயன்பாட்டுக்கான அளவைப் பயணப் பெட்டியில் கொண்டுபோகலாம். மூன்று மாதத் தேவை என்பதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச்சீட்டைக் கூடவே வையுங்கள். அது தீர்ந்தபின் அம்மாவோ தோழியோ தபாலில் அனுப்பட்டும் என்று நினைப்பது நடக்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிநபருக்குத் தபாலில் மருந்து வருவதற்கு அனுமதி இல்லை. சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். மாத்திரை நடுவில் நின்றுபோவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து.

ஆகவே மூன்று மாத மாத்திரை என்பது ஜெர்மன் மருத்துவரைப் பார்க்கும்வரை தாங்கும் பாலம். அந்த மூன்று மாதத்துக்குள் நேரம் வாங்கிவிடுங்கள். அட்டையில் உள்ள வணிகப் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினில் எஸ்ட்ராடியோல் 0.03 மில்லிகிராம் என்று உள்ளடக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். மாலா-என்னில் இருப்பது இதுதான், இதே கலவை ஜெர்மனியிலும் உண்டு. மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகளில் கடைசி ஏழு இரும்புச்சத்து மாத்திரைகள். ஜெர்மன் அட்டைகள் பலவற்றில் 21 மட்டுமே இருக்கும், ஏழு நாள் இடைவெளி விட்டு அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். இது தெரியாமல் குழம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாரம் ஒருமுறை சாப்பிடும் சாயா, சஹேலி மாத்திரையைப் பயன்படுத்துகிறவர்கள் கிளம்பும் முன்பே மாற்றைத் திட்டமிட வேண்டும். அது லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. ஜெர்மன் மருந்துக்கடையில் அது கிடைக்காது, மருத்துவர்களுக்கும் பெரும்பாலும் பழக்கம் இல்லை.

### ஜெர்மன் மாத்திரை

மருந்துச்சீட்டு கட்டாயம். வகையைப் பொறுத்து மாதம் ஏறத்தாழ 5 முதல் 22 யூரோ. ஆறு மாத அட்டையாக வாங்கினால் மாதக் கணக்கில் குறையும். முதல் சந்திப்பில் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், குடும்ப வரலாறு கேட்பார்கள். "எப்படிக் கருத்தடை செய்கிறீர்கள்?" என்று, சாப்பிட்டீர்களா என்பதைப் போல இயல்பாகக் கேட்பார்கள். திருமணமாகிவிட்டதா என்று என்னிடம் அங்கே எந்த மருத்துவரும் கேட்டதில்லை. முதல் முறை கருத்தடையைப் பற்றிக் கேட்டபோது எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்தக் கேள்வியில் தீர்ப்பு எதுவும் இல்லை என்பது புரிய ஒரு நிமிடம் ஆனது. பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, பல ஆண்டுகளாகச் சுமந்த ஏதோ ஒன்றை அங்கேயே வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது. நீங்கள் சொல்வதை மருத்துவர் கணவரிடமோ பெற்றோரிடமோ சொல்லச் சட்டம் அனுமதிக்காது.

ஓர் எச்சரிக்கை. இருண்ட நவம்பர் மாதங்களில் மனச்சோர்வுக்கு என்று யோஹானிஸ்கிரௌட் என்ற மூலிகையை மாத்திரையாகவும் தேநீராகவும் சாதாரணக் கடைகளில் விற்கிறார்கள். மூலிகைதானே என்று வாங்கிவிடாதீர்கள். அது கருத்தடை மாத்திரையின் வேலையைக் குலைக்கும்.

### காப்பர் டி: ஊரிலா, அங்கேயா?

பணத்தை மட்டும் பார்த்தால் இதற்கு இணையானது இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பொருத்துகிறார்கள். காப்பர் டி 380ஏ பத்து ஆண்டுகளும், 375 ஐந்து ஆண்டுகளும் வேலை செய்யும். ஜெர்மனியில் பொருத்தும் கட்டணமும் சேர்த்து ஏறத்தாழ 120 முதல் 300 யூரோ.

ஆனால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஓடிப்போய்ப் பொருத்திக்கொள்ளாதீர்கள். சாதனம் இடம் மாறுவதும் வெளியே வந்துவிடுவதும் முதல் சில மாதங்களில்தான் அதிகம். வலியும் அதிக இரத்தப்போக்கும் அந்த நாள்களில்தான் இருக்கும். குறைந்தது மூன்று மாதம் முன்னதாகப் பொருத்தி, மறுபரிசோதனையையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வகை, தேதி எழுதிய அட்டையைக் கடவுச்சீட்டுடன் வையுங்கள். ஜெர்மனியில் சாதனம் இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்கத் தனிக்கட்டணம் கேட்கக்கூடும். முன்கூட்டியே தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமணமாகாத பெண்ணுக்கோ குழந்தை பெறாத பெண்ணுக்கோ காப்பர் டி பொருத்த நம் ஊரில் பல மருத்துவர்கள் தயங்குவார்கள். அப்படித் தயங்கினால் மன்றாட வேண்டாம், ஜெர்மனிக்குப் போன பிறகு செய்துகொள்ளலாம். அந்த 200 யூரோவைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் இரண்டு யூரோகூட ஆகாது. ஏற்கெனவே மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கும் இரத்தசோகையும் உள்ளவர்களுக்குக் காப்பர் டி நல்லதல்ல.

### ஹார்மோன் காயில், கைக்குள் வைக்கும் குச்சி, ஊசி

ஹார்மோன் காயில் வகையைப் பொறுத்து 3 முதல் 8 ஆண்டுகள் வேலை செய்யும், 250 முதல் 400 யூரோ. அதிக இரத்தப்போக்கைக் குறைக்கும் தன்மை இதற்கு உண்டு. மருத்துவர் அந்த நோய்க்கான சிகிச்சையாக இதை எழுதினால் அரசுமுறைக் காப்பீடு ஏற்க வாய்ப்புண்டு, கேட்டுப் பார்க்கத் தவறாதீர்கள். கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி மூன்று ஆண்டு, 300 யூரோவுக்கு மேல். இவை இரண்டிலும் பெரிய தொகையை ஒரே நாளில் கட்ட வேண்டும் என்பதுதான் மாணவிக்குச் சிரமம். ஊரில் அந்தரா ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஜெர்மனியிலும் அதே மூன்று மாத ஊசி கிடைக்கும். எலும்பின் அடர்த்தியைப் பாதிக்கும் என்பதால் இளம் பெண்களுக்கு அதை நீண்ட காலம் தொடர மருத்துவர்கள் விரும்புவதில்லை.

### ஆணுறையும் ஆண்களின் பொறுப்பும்

எந்தக் கடையிலும் கிடைக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பால்வினைத் தொற்றிலிருந்து காப்பது இது ஒன்றுதான். மேலே சொன்ன எதைத் தேர்ந்தெடுத்தாலும் புதிய உறவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் போதும் என்று முடிவு செய்த தம்பதிகள், விடுமுறையில் ஊருக்கு வரும்போது கணவர் அரசு மருத்துவமனையில் தழும்பில்லாத வாசெக்டமி செய்துகொள்வதைப் பேசிப் பாருங்கள். அங்கு அது இலவசம். ஜெர்மனியில் சொந்தச் செலவில் சில நூறு யூரோ ஆகும்.

## தவறிப்போனால்

2015 மார்ச் முதல் அவசரக் கருத்தடை மாத்திரை ஜெர்மன் மருந்துக்கடைகளில் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் 72 மணி நேரத்துக்குள், உலிப்ரிஸ்டால் 120 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. விலை ஏறத்தாழ 16 முதல் 35 யூரோ. 22-க்குள் இருந்தால் மருந்துச்சீட்டு வாங்கிக் காப்பீட்டிலும் பெறலாம். தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் இதைக் கேட்டால் "இல்லை" என்ற பதிலே வந்து பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் ஜெர்மனியிலும் கேட்காமல் இரண்டு நாளை வீணாக்கிவிடாதீர்கள்.

கர்ப்பம் உறுதியாகிவிட்டால், வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அங்கீகரிக்கப்பட்ட ஆலோசனை மையத்துக்குப் போகலாம். புரோ ஃபமிலியா என்ற அமைப்பின் மையங்கள் பல நகரங்களில் உள்ளன. கருக்கலைப்பு செய்ய முடிவெடுத்தால் ஆலோசனைச் சான்று கட்டாயம், சான்றுக்கும் சிகிச்சைக்கும் இடையே குறைந்தது மூன்று நாள் இடைவெளி வேண்டும், கருவுற்றதிலிருந்து 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குள் அது தண்டனைக்குரியது அல்ல. இதற்கான செலவைக் காப்பீடு ஏற்பதில்லை. வருமானம் குறைந்த பெண்ணுக்கு மாநில அரசு ஏற்கிறது. அதில் பெண்ணின் வருமானத்தை மட்டுமே பார்ப்பார்கள், கணவரின் சம்பளத்தைச் சேர்ப்பதில்லை. தனியார் காப்பீட்டில் இருப்பவரும் அந்த ஊரில் உள்ள அரசுமுறை நிறுவனம் ஒன்றின் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒப்புதல் சிகிச்சைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

## யாருக்கு எது

இளநிலைப் படிப்புக்கு வரும் 18 - 21 வயது மாணவி: அரசுமுறை, யோசிக்கவே வேண்டாம். நீண்ட காலச் சாதனம் வேண்டும் என்று மருத்துவருடன் பேசி முடிவு செய்தால் 22-வது பிறந்தநாளுக்கு முன்பே பொருத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அது பல ஆண்டு வேலை செய்யும்.

முதுநிலைக்கு வரும் 23 - 29 வயதுப் பெண்: ஊரில் ஏதேனும் சிகிச்சை எடுத்த வரலாறு இருந்தால் அரசுமுறை. இல்லாவிட்டாலும் என் தேர்வு அதுவே. கருத்தடைக்கு மூன்று மாத மாத்திரையுடன் போய், அங்கே அதே கலவையைத் தொடருங்கள் அல்லது காப்பர் டி-க்கு மாறுங்கள்.

கணவர் படிக்கிறார் அல்லது வேலை பார்க்கிறார், மனைவி உடன் செல்கிறார்: கணவர் எந்தக் காப்பீட்டில் சேருகிறார் என்பது மனைவியின் உடலைப் பற்றிய முடிவும்தான். இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். குடும்பக் காப்பீடு கிடைக்கும் வழியையே எடுங்கள். ஓரிரு ஆண்டில் குழந்தை வேண்டும் என்றால் மாத்திரை அல்லது ஆணுறை, மூன்று ஆண்டுக்கு மேல் தள்ளிப்போடுவதாக இருந்தால் காயில்.

30-ஐத் தாண்டிய மாணவி: தனியார்தான். எவற்றுக்குப் பணம் தர மாட்டார்கள் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஊரிலேயே முழு உடல் பரிசோதனையையும் கருத்தடை ஏற்பாட்டையும் முடித்துவிட்டுக் கிளம்புவது உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும். முனைவர் பட்டத்துக்கு வேலை ஒப்பந்தத்துடன் வருகிறவர்கள் வயது எதுவாக இருந்தாலும் பணியாளராக அரசுமுறையில் சேர்ந்துவிடலாம், இந்தக் கவலை வேண்டாம்.

மொழி வகுப்புக்கு மட்டும், ஆறு மாதம்: மலிவான தனியார் போதும். மாத்திரை முதல் மூன்று மாதத்துக்குத்தான் வரும், மீதிக்கு அங்கே மருத்துவரைப் பார்க்கும் செலவைச் சொந்தக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. புதிய ஊரில் இறங்கிய முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அருகில் உள்ள மருந்துக்கடையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடியிருக்கும். அன்று இரவு எந்தக் கடை திறந்திருக்கும் என்ற விவரத்தை ஒவ்வொரு மருந்துக்கடையின் கதவிலும் ஒட்டியிருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேலும் ஞாயிறுகளிலும் 2.50 யூரோ கூடுதல் கட்டணம். மணியை அடித்தால் சிறிய சாளரத்தைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள். தயங்காமல் சொல்லுங்கள்.